கீழ்வாய் எண்ணும் குறிக்கணக்கும்

ஒன்பதாம் வகுப்பில் குறிக்கணக்கில் இடறி விழும் பிள்ளையை ஆசிரியர் கடிகிறார். பெற்றோர், கணக்கு வாராத பிள்ளை என்று கைவிடுகின்றனர். பிள்ளையும் அதனையே நம்பிவிடுகிறது. ஆனால் அப்பிள்ளை இடறியது ஒன்பதாம் வகுப்பில் அன்று. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ, ஒரு சிறு கோட்டின் மேலும் கீழும் இரண்டு எண்களை எழுதி, அதனை 'மூன்று பை நான்கு' என்று படிக்கச் சொல்லிக்கொடுத்த அன்றே அஃது இடறிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகள் அவ்விடறலை மறைத்தனவேயன்றி மாற்றவில்லை.

'பை' என்பது யாது? அது தமிழன்று, ஆங்கிலத்தில் 'ஆல் வகுக்க' என்னும் பொருளில் வரும் ஓர் இடைச்சொல். தமிழ்ப் பிள்ளைக்குப் பை என்றால் தோளில் தொங்கும் பொத்தகப் பைதான். ஆகவே 'மூன்று பை நான்கு' என்று கேட்கும் பிள்ளையின் உள்ளத்தில் மூன்று பதிகிறது, நான்கு பதிகிறது, அவ்விரண்டும் சேர்ந்து சுட்டும் முக்கால் என்னும் ஓர் எண் பதிவதில்லை. கடைக்குச் சென்று முக்கால் கிலோ தக்காளி வாங்கி வரத் தெரிந்த அதே பிள்ளைக்கு, கரும்பலகையில் 3/4 என்று எழுதியிருப்பது அந்த முக்காலே என்பது தெரியாமற் போகிறது. வாழ்க்கையில் அறிந்த எண் ஒருபுறமும் பள்ளியில் எழுதும் எண் மற்றொருபுறமுமாகப் பிரிந்த இப்பிளவே பின்னர்க் குறிக்கணக்கு வரை நீள்கிறது.

இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. விருத்தாசலம் என்று பெயர் மாற்றப்பெற்று வழங்கும் திருமுதுகுன்றத்தை எடுத்துக்கொள்க. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூர், கடலூர் மாவட்டத்தின் பீங்கான் நகருமாகும். பொம்மையும் அகலும் மின்காப்புப் பீங்கானும் அங்கே களிமண்ணில் உருவாகிச் சூளையேறுகின்றன. பீங்கான் நுட்பத்தில் பட்டயப் படிப்புப் பயிற்றும் அரசு நிறுவனமும் அவ்வூரிலேயே உள்ளது. சூளையில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளை அத்தகைய படிப்பிற் சேர்ந்து தொழிலறிஞனாக உயர வேண்டுமாயின், இடையில் நிற்கும் வாயில் கணக்கே. அவ்வாயிலுக்கு இட்ட தாழ் கீழ்வாய் எண்.

அத்தொழிலிலிருந்தே ஒரு கணக்கைப் பார்க்கலாம். களிமண் ஈரத்தோடு இருக்கும்போது ஓர் அளவு. காய்ந்து சூளையில் வெந்தபின் மற்றோர் அளவு. நீர் வெளியேற, மண்துகள்கள் நெருங்கி இறுக, உருப்படி சுருங்கும். சுருக்கம் மண்ணுக்கு மண் வேறுபடும். ஒரு கலவை தன் உயரத்தில் எட்டில் ஒரு கூறு, அஃதாவது அரைக்கால், சுருங்குவதாக வைத்துக்கொள்க. 16 விரற்கடை உயரத்தில் வார்த்த பொம்மை சுட்டபின் எத்தனை விரற்கடை நிற்கும்? 16-இல் அரைக்கால் 2, எஞ்சுவது 14. இவ்வளவும் எண்கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விடை சொல்லிவிடும்.

இனி வினாவைத் திருப்புக. சுட்டபின் 14 விரற்கடை நிற்க வேண்டுமாயின், வார்க்கும்போது எத்தனை விரற்கடை இருத்தல் வேண்டும்? பிள்ளைகள் எளிதில் வழுக்கி விழும் விடை ஒன்றுண்டு: 14-இல் அரைக்கால் ஒன்றேமுக்கால், அதனைக் கூட்டப் பதினைந்தேமுக்கால். இவ்விடை பிழை. பதினைந்தேமுக்கால் உயரத்தில் வார்த்தது எட்டில் ஒரு கூறு சுருங்கினால், 14-க்கு 7/32 விரற்கடை, அஃதாவது மூன்றரை வீசம், குறைந்து நிற்கும். பிழை எங்கே? சுருங்கிய அரைக்கால் 14-இன் அரைக்கால் அன்று. இன்னும் தெரியாத ஈர உயரத்தின் அரைக்கால். எதன் அரைக்கால் என்று கேளாமல் அரைக்காலைக் கையாண்டதே பிழை. தெரியாத அவ்வுயரத்திற்கு 'அ' என்று பெயரிட்டு, அ-வின் எட்டில் ஏழு கூறு 14 என்று எழுதத் தெரிந்தால், ஒரு கூறு 2, எட்டுக் கூறு 16 என்று விடை தானே வரும். அவ்வாறு பெயரிட்ட நொடியிலேயே எண்கணக்கு குறிக்கணக்காகிவிட்டது.

குறிக்கணக்கில் பிள்ளைகள் செய்யும் பிழைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். 1/2 + 1/3 = 2/5 என்று ஆறாம் வகுப்பில் எழுதிய கையே, ஒன்பதாம் வகுப்பில் 1/அ + 1/ஆ = 2/(அ + ஆ) என்று எழுதுகிறது. கோட்டின் மேலுள்ளதையும் கீழுள்ளதையும் தனித்தனிக் குறிகளாகக் கண்ட கண்ணே, (அ + 3)/3 என்பதில் மேலுள்ள 3-ஐயும் கீழுள்ள 3-ஐயும் அடித்துவிட்டு, 'அ' என்று விடை காண்கிறது. எழுத்துப் புதிது, பிழை பழையது. அரையொடு மூன்றில் ஒரு கூற்றைக் கூட்டினால், அரையினும் குறைந்த 2/5 எங்ஙனம் வரும் என்று அப்பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றாமைக்குக் கரணியம், அவை அதற்கு அளவுகளாகப் படாமையே.

இதனைத் தமிழ்ப் பிள்ளைகளின் அறிவுக்குறை என்று எவரும் எண்ணற்க. 1978-இல் அமெரிக்க நாட்டளவில் நடந்த மதிப்பீட்டுத் தேர்வில், 12/13 + 7/8 என்பதன் விடை 1, 2, 19, 21 என்பவற்றுள் எதற்கு அணித்து என்று பதின்மூன்று அகவையரிடம் வினவினர். இரண்டும் ஒன்றிற்குச் சற்றே குறைந்தவை; ஆகவே கூட்டுத்தொகை 2-க்கு அணித்து. இதற்குத் தாளும் எழுதுகோலும் வேண்டா. ஆயினும் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே 2 என்றனர். பாதிக்கு மேற்பட்டோர் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். மேலுள்ள 12-உம் 7-உம் 19. கீழுள்ள 13-உம் 8-உம் 21. செல்வத்திற் சிறந்த நாட்டுப் பிள்ளைகளும் ஓரெண்ணை இரண்டெண்ணாகவே கண்டனர்.

இக்குறை பின்னாளில் எவ்வளவு இழப்பைத் தரும் என்பதும் ஆயப்பட்டுள்ளது. இராபர்ட்டு சீக்ளரும் உடனாய்வாளரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய இருநாட்டுப் பிள்ளைகளின் பல்லாண்டுப் பதிவுகளை ஒப்பிட்டது. பத்து அகவையளவில் கீழ்வாய் எண்ணையும் வகுத்தலையும் அறிந்திருந்த அளவு, உயர்நிலைப் பள்ளியில் குறிக்கணக்கில் அவர்கள் பெற்ற தேர்ச்சியை முன்னறிவித்தது. குடும்பத்தின் வருவாய், பெற்றோரின் கல்வி, பொதுவான அறிவுத்திறன், முழு எண்ணில் உள்ள பயிற்சி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அத்தொடர்பு நின்றது. அதற்கு முன்னரே, 2008-இல், அமெரிக்க அரசு அமைத்த கணக்குக் கல்வி அறிவுரைக்குழுவும் குறிக்கணக்கின் கடைகால் கீழ்வாய் எண்ணறிவே என்று வற்புறுத்தியிருந்தது.

இனித் தமிழின் பக்கம் திரும்பலாம். பாடநூல்களில் வழங்கும் 'பின்னம்' என்னும் பெயரே முதலில் எண்ணத்தக்கது. அது வடசொல், உடைந்தது, பிரிந்தது என்பது அதன் பொருள். கை ஒடிந்த திருவுருவைப் பின்னப்பட்டது என்று கூறி ஊரார் வழிபாட்டினின்று ஒதுக்குவர். அப்பெயரைக் கேட்கும் பிள்ளைக்கு அஃது எண்ணாகத் தோன்றாது. எண்ணின் உடைசலாகவே தோன்றும். தமிழ் முன்னோர் அதனை உடைசல் என்னவில்லை. ஒன்று முதலாக மேற்செல்வன மேல்வாயிலக்கம். ஒன்றிற்குக் கீழ்ச் செல்வன கீழ்வாயிலக்கம் என்றனர். இரண்டும் இலக்கமே, ஒரே ஏணியின் மேற்படிகளும் கீழ்ப்படிகளுமே. தொல்காப்பியரும் 'அரை' என்பதனைப் பால்வரை கிளவி என்று குறித்தார். பால் என்பது கூறு. கூற்றின் அளவை வரையறுத்து நிற்கும் சொல் என்பது கருத்து.

கீழ்வாயிலக்கத்தின் பெயர்களை நோக்குக. 1/2 அரை, 1/4 கால், 1/8 அரைக்கால், 1/16 மாகாணி அல்லது வீசம், 1/20 மா, 1/40 அரைமா, 1/80 காணி, 1/160 அரைக்காணி, 1/320 முந்திரி. முந்திரிக் காடுகள் நிறைந்த முதுகுன்றத்துப் பிள்ளை கொட்டையைத்தான் நினைக்கும். இம்முந்திரி எண்ணின் பெயர். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனி எண். தனித்தனிக் குறியும் உடையது. முக்கால் என்று சொல்லும்போது மேலெண் கீழெண் என்னும் இரட்டைக்கு இடமே இல்லை.

மேலும், இச்சொற்களின் ஆக்கத்திலேயே கணக்கு உள்ளடங்கிக் கிடக்கிறது. அரைக்கால் என்பது காலில் அரை; 1/2 × 1/4 = 1/8 என்னும் பெருக்கலைச் சொல்லே செய்து காட்டுகிறது. மாகாணி என்பது மாவும் காணியும். ஒரு மா நான்கு காணி, அதனொடு ஒரு காணி சேர ஐந்து காணி. 80-இல் 5 என்பது 16-இல் 1. கீழெண் வேறுபட்ட இரண்டைக் கூட்டும் கணக்கு ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. முக்கால் என்பது மூன்று கால். கால் என்பது கூற்றின் பெயர். மூன்று என்பது அக்கூற்றின் எண்ணிக்கை. மேலைமொழிகளிலும், கோட்டின் கீழ் நிற்கும் பகுதிக்குப் 'பெயரிடுவது' என்றும், மேல் நிற்கும் தொகுதிக்கு 'எண்ணுவது' என்றுமே சொற்பொருள். இலத்தீனில் புதைந்து கிடக்கும் அப்பொருள் தமிழில் நாவிலேயே நிற்கிறது.

இவ்வேணி முந்திரியொடு நின்றுவிடவும் இல்லை. முந்திரியையே மீண்டும் ஒன்றாகக் கொண்டு, அதன்கீழ் முக்கால், அரை, கால், மா, காணி என்று அதே பெயர்களைக் 'கீழ்' என்னும் அடையொடு வழங்கினர். கீழ்முந்திரி என்பது முந்திரியில் முந்திரி; 320 × 320 = 102400-இல் ஒரு கூறு. இராசராசன் காலத்து நில அளவையில் ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு கூறு வரை கணக்கிட்டு வரி வகுத்ததை வரலாற்றறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். அப்பேரெண், நான்கு 320-களைத் தம்முட் பெருக்கி 5-ஆல் பெருக்க வருவதே. இதனைப் பழம்பெருமை பேசுதற்கு மட்டும் பயன்படுத்துவோர் இதன் உள்ளீட்டை இழப்பர். 'ஒன்று' என்பது மாறாத ஒரு பொருளன்று. எதனையும் ஒன்றாகக் கொள்ளலாம், கொண்டபின் அதே நெறிகள் செல்லும் என்பதே இதன் உள்ளீடு. வேலியும் ஒன்றாகும்; முந்திரியும் ஒன்றாகும்; பெயர் தெரியாத 'அ'-வும் ஒன்றாகும். குறிக்கணக்கின் வித்து இங்கேதான் உள்ளது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வாயிலாக இவ்வெண்கள் பிள்ளைகளின் நாவில் ஏறின. 1957 ஏப்பிரல் முதல் நாள் வரை உருபாவுக்கு 16 அணா. அணா என்பது உருபாவில் வீசம். அரையணாவும் காலணாவும் கொடுத்து மாற்றிய பிள்ளை, கடைத்தெருவிலேயே 1/32-உம் 1/64-உம் கற்றது. நூறு பைசா முறையும் பின்னர்க் கிலோவும் லிட்டரும் வந்தன. வணிகத்திற்கு அம்முறை எளிது; அதனைக் குறைகூறுவார் இலர். ஆனால் தெரு கற்பித்துவந்த ஒரு பாடம் அன்றொடு நின்றது. அவ்விடத்தைப் பள்ளி நிரப்பவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். திண்ணைப் பள்ளிக்குத் திரும்புதல் தீர்வாகாது. அத்திண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டனர். அங்கே நெட்டுரு மிகுதி, பிரம்பும் மிகுதி. அன்றியும் கீழ்வாயிலக்கப் பெயர்கள் இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவற்றின் வழிவந்த கூறுகளுக்கே இயல்பாகப் பொருந்துவன. மூன்றில் ஒன்றுக்கும் ஏழில் ஒன்றுக்கும் அவ்வரிசையில் தனிப்பெயர் இல்லை. எவ்வெண்ணையும் எவ்வெண்ணாலும் வகுத்து அ/ஆ என்று எழுதும் பொதுமை, கோடிட்டு எழுதும் முறைக்கே உண்டு. குறிக்கணக்கிற்கு அப்பொதுமை இன்றியமையாதது. ஆகவே, எண்ணை எண்ணாக உணர்த்தப் பழம்பெயர். எவ்வெண்ணுக்கும் பொருந்த எழுதப் புதிய வடிவு. இரண்டையும் இணைத்துக் கற்பித்தலே வேண்டுவது.

இணைக்கும் படிகள் எவை?

முதற்படி பங்கீடு. மூன்று அடையை நால்வர்க்குச் சமமாகப் பங்கிடச் சொன்னால், இரண்டு அடையை இரண்டிரண்டாகவும் ஒன்றை நான்காகவும் வெட்டி, ஆளுக்கு அரையும் காலும் என்று பிள்ளைகளே முடிவுசெய்வர். 3-ஐ 4-ஆல் வகுத்த விடையே 3/4 என்பது அங்கே விளங்கிவிடும். மும்பையிலுள்ள ஓமி பாபா அறிவியல் கல்வி நடுவத்தின் ஆய்வாளர்களும், கீழ்வாய் எண்ணை இவ்வாறு பங்கீட்டிலிருந்தும் அளவையிலிருந்தும் கற்பிக்கும் வழியை ஆராய்ந்துள்ளனர்.

இரண்டாம் படி அளவை. ஒரு கயிற்றை நான்காக மடித்துக் கால் என்னும் அளவைக் காட்டி, அதனைக் கொண்டே ஐந்து முறை அளந்தால் ஐந்து கால், அஃதாவது ஒன்றேகால். 'நான்கில் மூன்று' என்னும் கூற்று, பிள்ளைக்கு முழுமையையும் கூற்றையும் ஒருங்கே காட்டும். ஆனால் 'நான்கில் ஐந்து' என்றால் திகைக்கும். அவ்விடத்தில் 'ஐந்து கால்' என்னும் கூற்றே கைகொடுக்கும். இரண்டு கூற்றுகளையும் பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். எண்கோட்டில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே 5/4-க்கு ஓரிடம் உண்டு என்று கண்டபின், அது இரண்டெண் அன்று, ஓரெண்ணே என்பதில் ஐயம் எழாது.

சொல்லமைப்புக்கு இத்துணை ஆற்றல் உண்டா என்று ஐயுறுவார்க்கு ஒரு சான்று. கொரிய மொழியிலும் தமிழைப் போலவே 'மூன்று கூற்றில் ஒன்று' என்னும் முறையிலேயே கீழ்வாய் எண்ணைச் சொல்வர். மியூராவும் உடனாய்வாளரும் 1999-இல், கொரிய, குரோவாசிய, அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்டு, பள்ளியில் முறையாகக் கற்பதற்கு முன்னரே இவ்வெண்களின் பொருளை அறிய அச்சொல்லமைப்புக் கொரியப் பிள்ளைகளுக்குத் துணைசெய்கிறது என்றனர். 2003-இல் பாயிக்கு, மிக்சு என்போர் மீளாய்ந்து, நாடுகளிடை வேறுபாடு பற்றிய முடிவை ஐயுற்றனர். ஆயினும், கூறுகளை வெளிப்படையாகச் சொல்லும் சொல்லமைப்பு ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கும் உதவுகிறது என்று அவர்களும் கண்டனர். ஆங்கிலப் பிள்ளைக்கு ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஆக்கித் தந்த சொல்லமைப்பு, தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது. அதனை விட்டு 'பை' என்று சொல்லிக்கொடுப்பது, கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு இருளில் வழிகாட்டுவதாகும்.

மூன்றாம் படி பெயரொத்தவற்றின் கூட்டல். இரண்டு காலும் மூன்று காலும் ஐந்து கால். ஏழிலொன்று என்னும் கூறு இரண்டும் அதே கூறு மூன்றும் சேர்ந்தால் அக்கூறு ஐந்து; ஆகவே 2/7 + 3/7 = 5/7. கீழெண்களைக் கூட்டும் எண்ணமே எழாது. பெயரைப் பெயரொடு கூட்டுவார் யார்? காலும் அரைக்காலும் பெயர் வேறுபட்டவை; காலை இரண்டு அரைக்கால் என்று பெயர் மாற்றினால், மூன்று அரைக்கால், 3/8. மீச்சிறு பொது மடங்கு என்னும் பெரும்பெயரால் பிள்ளைகளை அச்சுறுத்தும் பாடம் இவ்வளவே. இதே படியில் நின்று 2அ + 3அ = 5அ என்று காட்டுக; 2அ + 3ஆ என்பது பெயர் வேறுபட்டமையால் அவ்வாறே நிற்கும் என்றும் காட்டுக. கூட்டற் கோவைகளை உறுப்பு உறுப்பாகப் பார்க்கப் பழக்குவதே எண்கணக்குக்கும் குறிக்கணக்குக்கும் பாலம் என்பதை இராக்கி பானர்சி, சுப்பிரமணியம் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் வலியுறுத்துகிறது.

நான்காம் படி 'இல்' என்னும் உருபு. 'காலில் அரை' என்னும்போது அவ்வுருபே பெருக்கலாகிறது. இங்கே ஒவ்வொரு கணக்கிலும் 'எதன்?' என்று கேட்கும் வழக்கத்தை ஊட்டுதல் வேண்டும். வகுத்தலையும் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்னும் மந்திரமாக ஓதாமல், காலுக்குள் அரைக்கால் எத்தனை என்று கேட்க. இரண்டு என்று பிள்ளை சொல்லும். நெறி பின்னர் வரட்டும். இவ்விடத்தில் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டிய ஒரு பள்ளமும் உண்டு. 2 1/2 என்று அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் அரையும் கூடியது. 2அ என்று அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் அ-வும் பெருக்கியது. ஒட்டி எழுதுவதற்கு எண்கணக்கில் ஒரு பொருளும் குறிக்கணக்கில் வேறொரு பொருளும் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பிள்ளை குழம்புகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

ஐந்தாம் படி திருப்பு வினா. மேலே கண்ட சூளைக்கணக்கு அத்தகையது. மற்றொன்றும் பீங்கான் தொழிலிலேயே கிடைக்கிறது. கெட்டிப் பீங்கானுக்கு நூல்கள் கூறும் மரபான கலவை, அரைப் பங்கு வெண்களிமண், கால் பங்கு பெல்சுபார், கால் பங்கு குவார்ட்சு எனப்படும் வெங்கச்சங்கல். 40 கிலோ கலவைக்கு 20, 10, 10 என்பது எண்கணக்கு. பெல்சுபார் 15 கிலோவே உள்ளதெனில் எத்தனை கிலோ கலவை ஆக்கலாம் என்பது திருப்பு வினா. அ-வில் கால் 15, ஆகவே அ 60.

ஆறாம் படி பொதுமை. கலவை எத்தனை கிலோவாயினும் அ/2 + அ/4 + அ/4 = அ என்று எழுதும்போது, 'அ' தெரியாத ஓரெண் என்னும் நிலையினின்று எவ்வெண்ணும் ஆகலாம் என்னும் நிலைக்கு உயர்கிறது. அந்நிலையில் (அ + 3)/3 என்பதையும் பங்கீட்டுக்கே கொண்டுசெல்க. அ படி அரிசியையும் 3 படி உளுந்தையும் மூவர்க்குப் பங்கிட்டால், ஒருவர்க்கு அ/3 படி அரிசியும் ஒரு படி உளுந்தும். அரிசி முழுவதையும் ஒருவர்க்கே கொடுத்து 'அ' என்று விடை எழுதுவது பங்கீடாகாது என்று பிள்ளையே சிரித்துக்கொண்டு திருத்தும். விலக்கப்பட்ட பிழை நெறிமுறையால் விலகவில்லை, பொருளறிவால் விலகியது.

தமிழில் இவையெல்லாம் இயலுமா என்று கேட்போர் இன்னும் உளர். யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாத பிள்ளை 1855-லேயே குறிக்கணக்கைத் தமிழில் எழுதினார். நூற்பெயர் 'வீசகணிதம்' என வடசொல்லாக இருப்பினும், பொருள் தமிழில் சொல்லப்பட்டது. அவ்வடசொல்லின் 'வீசம்' வித்தைக் குறிக்கும். பதினாறில் ஒன்றான தமிழ் வீசம் வேறு என்பதையும் மாணவர்க்குக் கூறுக. அதற்குப்பின் தொகுதி, பகுதி, கோவை, சமன்பாடு, மாறி முதலிய சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றன. பொத்தகம் தமிழாயிற்று, வகுப்பறையின் வாய்தான் இன்னும் முழுதும் தமிழாகவில்லை. தமிழ்வழி வகுப்பிலேயே 'பை' ஒலிக்கிறது. 2012 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழி வகுப்புகள் பெருகியபின், முக்கால் என்னும் சொல்லைக் கணக்கொடு இணைத்தறியாத பிள்ளைகளும் பெருகுவர் என்பதை எண்ணி அஞ்சுதல் தகும்.

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. ஆசிரியர்கள் 3/4-ஐ 'நான்கில் மூன்று' என்றும் 'முக்கால்' என்றும் படிக்கச் செய்க; 'பை' என்னும் சொல்லை வகுப்பறையினின்று நீக்குக. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி ஆகிய ஆறு பெயர்களையும் அவற்றின் உறவையும் தொடக்கப் பள்ளியிலேயே விளையாட்டாக ஊட்டுக. முந்திரி வரை நெட்டுரு வேண்டா. ஊர்தோறும் அவ்வூர்த் தொழிலிலிருந்தே கணக்குகளை எடுக்க: முதுகுன்றத்தில் சூளை, காவிரிக் கரையில் வயல், சிவகாசியில் அச்சகம். மாலை வகுப்பு நடத்தும் தமிழ் மன்றத்தார் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறிக்கணக்கை மீண்டும் மீண்டும் ஓதுவதற்கு முன், 1/2 + 1/3 எவ்வளவு, அஃது ஒன்றினும் பெரிதா சிறிதா என்று கேட்டுப் பார்க்க. விடை வாராதாயின் அங்கிருந்தே தொடங்குக. காலம் வீணாயிற்று என்று கருதற்க.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். கடையிலும் அடுக்களையிலும் முக்கால், ஒன்றரை, அரைக்கால் என்று பிள்ளைகளொடு பேசுக, 'எதில் அரை? எதில் கால்?' என்று கேட்க. கணக்கு வாராத பிள்ளை என்று முத்திரையிட்டுச் சூளைக்கும் பட்டறைக்கும் அனுப்பப்படும் பிள்ளைகளுள் பலர்க்கு, வாராதது கணக்கன்று. விளங்கும்படி சொல்லப்படாத ஒரு சொல்லே. அச்சொல்லைத் திருத்துதற்கு அரசாணை வேண்டா, நிதி வேண்டா, நாளைக் காலை முதல் வகுப்பிலேயே தொடங்கலாம்.